எனக்காக என்றால் எடுத்துவிடு

டன்பெர்ரி, சாஸ்கட்செவான்
ஜனவரி 14

அன்புள்ள தெக்லா அக்காவுக்கு,

முதலில் ஒரு கேள்வி. எனக்கு விடை தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் போவதில்லை. ஒருத்தியைப் பற்றி ஊரெல்லாம் சொல்வது உண்மையாகவே இருந்துவிட்டால், அவளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று நாம் சொல்ல முடியுமா? கல்லூரியில் ஒரு மாணவி கேட்டாள். சில நாளாக மண்டைக்குள்ளேயே கிடக்கிறது. நீ அந்தப் பாறைமேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி யோசித்துச் சொல். உனக்கு நிறைய நேரம் இருக்குமே என்று நான் சொன்னால் கோபப்படுவாய், தெரியும்.

நானும் உன் மகள் ரென்னும் சுகம். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டிவிட்டது. ராத்திரியெல்லாம் கார் எஞ்சினுக்கு மின்சாரச் சூடு கொடுத்து வைத்தால்தான் காலையில் கிளம்புகிறது.

ரென்னின் அணி கர்லிங் மண்டலப் போட்டியில் ஜெயித்துவிட்டது. ரோஸ்டேல் பெண்களை ஏழுக்கு ஆறு. அவர்களுடைய தலைவி டெலேனி ஃபெஹர் நல்ல ஆட்டக்காரி, கடைசிக் கல் வரை விடவில்லை. உன் பெண் களைத்துப்போயிருக்கிறாள். தூங்கப் போகும்முன் தன் போனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுகிறாள். கண்ணுக்கு ஓய்வாம். பதினைந்து வயதுப் பெண் தானாகவே போனைக் கொடுத்ததை நான் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. நல்ல பழக்கம்தான்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. காற்று அதிகமென்றால் படிக்கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கு.

உன் தங்கை
லெஸ்யா


பிளாக்வெல் முனை கலங்கரை விளக்கம்
பிப்ரவரி 2

என் அருமை லெஸ்யா,

போன வாரம் வரவேண்டிய ஹெலிகாப்டர் இன்றுதான் இறங்கியது. முட்டை, அத்தானின் மாத்திரை, ஒரு மூட்டை வெங்காயம், உன் கடிதம். இந்த வரிசையில் வெளியே வந்தன. நாங்கள் நலம். அத்தானின் முழங்கால் எங்கள் கருவிகளுக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். நீ கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறாய். சராசரி படிக்க வந்த பிள்ளை எந்தக் கணக்கின் நடுவே உன்னிடம் இப்படிக் கேட்டது?

ஞாயிற்றுக்கிழமை ரென் பேசினாள். "எல்லாம் சூப்பர்மா" என்றாள். என் மகள் பிறந்ததிலிருந்து எதையும் சூப்பர் என்று சொன்னவள் இல்லை. திமிங்கலத்தை முதன்முதலாகப் படகுக்குப் பக்கத்தில் பார்த்தபோதுகூட "ம், பெரிசுதான்" என்றாள். அவளை ஒன்பதாம் வகுப்புக்கு உன்னிடம் அனுப்பியது இந்தத் தீவில் பள்ளிக்கூடம் இல்லாததால். ஆட்களோடு பழகட்டும் என்பதாலும்தான். அங்கே யாரோடு பழகுகிறாள்? உன் கடிதத்தில் ஒரு பெயர்கூட இல்லை, எதிரணித் தலைவியின் பெயரைத் தவிர.

போனில் கேட்கலாம். கேட்டால் மூன்றாம் நிமிஷம் நமக்குள் சண்டை வரும், நீ வைத்துவிடுவாய். அதனால்தானே தாளுக்கு வந்தோம். தாளில் சொல். போனைத் தானாகக் கொடுத்துவிடுகிற பெண் அதற்குள் எதையோ பார்க்கப் பயப்படுகிறாள்.

நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா?

தெக்லா


டன்பெர்ரி
பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தூக்கம் சுமார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தக் கேள்வி எந்த மாணவியுடையதும் இல்லை, நீ கண்டுபிடித்துவிட்டாய்.

நடந்தது இதுதான். கடைசிச் சுற்றில், பனியில் வழுக்கி ஓடுகிற கல் இன்னும் தூரம் போக, ரென் அதற்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே போனாள். துடைப்பம் கல்லின் ஓரத்தில் பட்டது. நாம் இருவரும் அந்தப் பனித்தரையில் வளர்ந்தவர்கள், கர்லிங் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. யாரும் பார்த்தார்களா என்பது பேச்சே இல்லை. பட்டவள் தானே கையைத் தூக்கி "பட்டுடுச்சு" என்று சொல்லவேண்டும். அந்தக் கல் கணக்கில் வராது. ஆட்டம் தொடரும். ரென் கையைத் தூக்கவில்லை. கல் நின்றது, ஜெயித்தார்கள்.

வெளியூரில் இருக்கும் பெற்றோருக்காகக் கிளப்பில் எல்லா ஆட்டத்தையும் இணையத்தில் ஓடவிடுகிறார்கள். யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடவைத்து, "கையைத் தூக்காதவள்" என்று ஒரு கணக்குத் தொடங்கிப் போட்டுவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் சாப்பிடுகிற படம், பேருந்தில் வாயைத் திறந்து தூங்குகிற படம், ஒவ்வொன்றின் கீழேயும் "இதையும் திருடியிருப்பா". கலங்கரை விளக்கத்தில் வளர்ந்தவள் என்பதால் "கடல் எலி" என்று பட்டப்பெயர். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டு இவள் கையைத் தூக்கினால், "ஓ, இப்ப மட்டும் தூக்குறா பாரு!" என்று ஒரே சிரிப்பு. இப்போது எந்த வகுப்பிலும் தூக்குவதில்லை.

நான் அவளைக் கேட்டேன்.

"பட்டுச்சா?"

"பட்டுச்சு, சித்தி."

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எல்லாரும் கத்திட்டாங்க."

அதற்குமேல் அவளுக்கே தெரியவில்லை.

கிளப் தலைவர் வால்ட் கூட்டம் போட்டார். அங்கே வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதுதான் சிக்கல். "தப்ப ஒத்துக்கிட்டா முடிஞ்சுது லெஸ்யா. நம்ம ஆட்டத்துல என்னைக்கும் அப்படித்தானே?" என்றார். ரென் தன் வாயால் ஒத்துக்கொள்வதைப் படம் பிடித்துக் கிளப்பின் பக்கத்தில் போடுவதென்று முடிவானது. காணொளி எடுக்கப்பட்டது. மாகாணப் போட்டிக்குப் போகும் இடத்தையும் ரோஸ்டேலுக்கே விட்டுக்கொடுத்தார்கள். கர்லிங் ஆட்டமென்றால் இத்தோடு கைகுலுக்கி, ஜெயித்தவர் வாங்கித்தரும் சூடான பானத்தை ஒரே மேஜையில் உட்கார்ந்து குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இணையத்தில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அவள் மூக்கைத் துடைக்கிற இடத்தை மட்டும் வெட்டிப் பாட்டோடு சேர்த்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டது அவர்களுக்குப் புதுத் தீனியாகிவிட்டது.

பள்ளியில் "அன்பாக இரு" என்று வண்ணத்தில் சுவரொட்டி ஒட்டினார்கள். நான் பார்த்ததையெல்லாம் தேதியோடு படமெடுத்து வைத்து அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினேன். தங்கள் விதிகள் எதையும் மீறவில்லை என்று பதில் வந்தது. பள்ளி முதல்வரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா அவ செஞ்சது உண்மைதானே மேடம்?" என்றார். என் கேள்வி அங்கிருந்து வந்ததுதான். அவருக்கு முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை.

ரென் தீவுக்கே திரும்பிவிடுகிறேன் என்கிறாள். தபால் வழியில் படித்துக்கொள்கிறாளாம். பள்ளி வேண்டாம், பனித்தரை வேண்டாம், ஆட்களே வேண்டாமாம். உன்னிடமிருந்து மறைத்ததற்குக் காரணம், நீ வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்ற பயம்.

அத்தானுக்கு என் அன்பு. மாத்திரையை வேளைக்குப் போடச் சொல்.

லெஸ்யா


(அதே உறையில்)

அம்மா,

எப்படி இருக்கே? அப்பா முட்டி எப்படி? சித்தி உறைய ஒட்டுறதுக்கு முன்னாடி இத உள்ள திணிக்கிறேன்.

சித்தி எல்லாத்தயும் எழுதிட்டேன்னு சொன்னாங்க. எழுதியிருக்க மாட்டாங்க. அந்த வீடியோவ அவங்கதான் எடுத்தாங்க, சமையலறையில வச்சு. நான் பாதியில பாதியில நிறுத்திட்டதால திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு. அவங்களத் திட்டாதே. முடிச்சதும் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு ரொம்ப நேரம் உள்ளயே இருந்தாங்க. எனக்குக் கேட்டுச்சு.

நான் செஞ்சது தப்பு. எனக்குத் தெரியும். ஆனா நான் ஒரு தடவதாம்மா செஞ்சேன். அவங்க தினம் தினம் செய்றாங்க.

என்னக் கூட்டிட்டுப் போயிடு.

ரென்


பிளாக்வெல் முனை
மார்ச் 4

லெஸ்யா,

இரண்டும் கிடைத்தன. நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை படகுகளுக்கு ரேடியோவில் சொல்லும் வானிலை அறிக்கையில் காற்றின் திசையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஒரு மீன்பிடிப் படகுக்காரர் ரேடியோவில் கூப்பிட்டு, "தெக்லா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அத்தான் என்னை நகர்த்திவிட்டுத் தானே உட்கார்ந்தார்.

மார்ச் 29ஆம் தேதி காலை சாஸ்கட்டூனிலிருந்து ரென்னுக்கு விமானச் சீட்டு வாங்கிவிட்டேன். கரையில் வந்து நானே அழைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் கடிதத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். வால்ட் பேசுகிறார், முதல்வர் பேசுகிறார், அந்தத் தளம்கூடப் பேசுகிறது. ஆட்டத்தில் தோற்றுப்போன அந்தப் பெண் டெலேனி மட்டும் எங்கேயும் பேசவில்லை. அவளை யாரும் கேட்கவில்லையா?

நீ சாப்பிடு. உனக்கு மனசு சரியில்லை என்றால் முதலில் விடுவது சாப்பாட்டைத்தான்.

தெக்லா


டன்பெர்ரி
மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிறு மதியம் வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. டெலேனி ஃபெஹர். பதினேழு வயது இருக்கும், நல்ல உயரம், தொப்பி போடாமல் காதெல்லாம் சிவந்திருந்தது. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "ரென் இருக்காளா?" என்றாள். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"எதுக்கும்மா?"

"சண்டை போட வரல மிஸ். போடறதா இருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்."

ரென் மாடிப்படியில் பாதி இறங்கி அங்கேயே நின்றாள்.

"நீ கையத் தூக்கியிருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்" என்றாள் டெலேனி.

"தெரியும்."

"மாகாணப் போட்டிக்கு எங்களத்தான் அனுப்பினாங்க. கடைசியா வந்தோம். அதுக்கும் நீதான் காரணம்னு ஒருத்தன் போட்டிருக்கான். அங்க நான் விட்ட கல்லப் பாத்திருந்தா அப்படிச் சொல்லமாட்டான்."

ரென்னுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"சிரிக்காதே. நான் உன்ன இன்னும் மன்னிக்கல."

"சரி."

"மன்னிக்கறதோ மன்னிக்காததோ, அது உனக்கும் எனக்கும் நடுவுல. இவனுங்க யாரு நடுவுல வர்றதுக்கு? எனக்கு நியாயம் கேக்குறாங்களாம். எனக்கு என்ன வேணும்னு ஒருத்தன்கூட என்னக் கேக்கல."

மேஜையில் உருளைக்கிழங்கு வைத்து அவித்த பெரோகி இருந்தது. உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். புளித்த கிரீமை அள்ளிப் போட்டுக்கொண்டு இரண்டாவது தட்டும் சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்றாள். உண்மைதான்.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று நானே கேட்டேன்.

"அடுத்த வருஷம் இவளோட ஆடி ஜெயிக்கணும் மிஸ். இவ ஆடவே வரலேன்னா நான் யார ஜெயிக்கறது?"

இவ்வளவு சுயநலமான பெருந்தன்மையை நான் பார்த்ததில்லை, அக்கா. எனக்குச் சுலபத்தில் யாரையும் பிடிக்காது, உனக்குத் தெரியும். இந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது முதல் விதி. "பொதுவுல போட்டா அதையும் வெட்டி ஒட்டுவாங்க. உங்க வீடியோவுக்கு நடந்த மாதிரி" என்றாள். நான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் போட்டவர்களில் தெரிந்தவர்கள் யார் யாரென்று ரென்னும் அவளும் சேர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான், இந்த இரண்டு ஊரில் யார் தெரியாதவர்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டெலேனி தன் பெயரில் எழுதினாள். முதல் செய்தியை எனக்குப் படித்துக் காட்டினாள்.

"நான் டெலேனி. அந்த ஆட்டத்துல தோத்தது நான். நீ இதப் போட்டது எனக்காகன்னா எடுத்துடு. உனக்காகன்னா, 'எனக்காகத்தான் போட்டேன்'னு அதுக்குக் கீழ எழுதிடு."

எல்லாருக்கும் இதையே ஒட்டி அனுப்பிவிடலாமே, வேலை சீக்கிரம் முடியும் என்றேன்.

"ஒட்டினது தெரிஞ்சிடும் மிஸ். இந்தக் காலின் இருக்கான்ல, அவன் வீட்டுக் கொட்டகை எரிஞ்சப்ப அவங்க மாட்டுக்கெல்லாம் எங்க வீட்டுலதான் இடம் குடுத்தோம். அவனுக்கு வேற மாதிரிதான் எழுதணும்."

இருட்டும்வரை எழுதிக்கொண்டிருந்தாள். ரென் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவினேன். இதெல்லாம் வேலைக்கு ஆகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பெண் கிளம்பிய பிறகு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல். ரென்னோடு போனில் பேசும்போது இருமினாயாமே, இப்போது எப்படி?

லெஸ்யா


டன்பெர்ரி
மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் விமானச் சீட்டும் வந்தன. நலம். சாப்பிடுகிறேன். நீ கேட்ட கேள்விக்கு, நீ கேட்ட மறுநாளே நான் எழுதிய கடிதத்தில் பதில் இருக்கிறது. அது இன்னும் எந்தக் கரையில் ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்கிறதோ.

நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள். எதனால் எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அலுத்துப்போயும் எடுத்திருக்கலாம். காலின் மட்டும், "எனக்காகத்தான் போட்டேன். சும்மா" என்று பதில் எழுதினானாம். கொஞ்ச நேரத்தில் அவனுடையதும் காணாமல் போனது. அதை அவனே எழுதிப் பார்த்தபோது எப்படி இருந்ததோ.

அந்தக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நடத்துவது யாரென்று தெரியவில்லை. தெரியவேண்டாம் என்கிறாள் ரென், தெரிந்துவிட்டால் பேருந்தில் அந்த முகத்தைத் தினமும் பார்க்கவேண்டுமாம். அது இப்போது டெலேனி பக்கம் திரும்பிவிட்டது. காசு வாங்கிவிட்டாள் என்கிறது, அவள் மூக்கைப் பெரிதாக்கிப் படம் போடுகிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது, அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"என்ன மிஸ் நீங்க! என் மூக்குப் பெருசுன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. எங்க வீட்டுல இது ரொம்பப் பழைய நியூஸ்" என்று சிரித்தாள்.

போனை வைத்த பிறகும் சிரித்தாளா என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் அவள் அம்மா பேசினார். சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம். கதவைத் திறக்கவில்லையாம். காலையில் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, மீதிப் பேருக்கு எழுத உட்கார்ந்துவிட்டாளாம். "நான் எதுவும் சொல்லலங்க. டோஸ்ட் மட்டும் பக்கத்துல வச்சேன்" என்றார். வலிக்காதவள் ஒருத்தி இதைச் செய்திருந்தால் நான் இவ்வளவு மதித்திருக்க மாட்டேன்.

நான் முதல்வரிடம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை நாக்கு எழுந்தது. "அவ செஞ்சது உண்மை. அதுக்கு உண்டான தண்டனையும் முடிஞ்சிடுச்சு. யாருக்குக் கெடுதல் செஞ்சாளோ அவளே போதும்னு சொல்லிட்டா. இப்ப நடக்கறதுக்கு அந்த ஆட்டத்தோட சம்பந்தமே இல்ல" என்றேன். யோசித்தார். பேருந்தில் எடுத்த படத்தைப் போட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, பெற்றோரை வைத்துக்கொண்டு பேசினார். சுவரொட்டி இன்னும் இருக்கிறது. வால்ட், பாவம், அந்தக் காணொளியைக் கிளப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். என் கண்ணைப் பார்க்காமல் ஒரு கேக்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ரென் வகுப்பில் இன்னும் கை தூக்கவில்லை. தீவுக்குப் போகிற பேச்சை நான் எடுப்பதில்லை, அவளும் எடுக்கவில்லை. ஆனால் சீட்டைத் தன் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள், தினமும் தலை சீவும்போது பார்க்கிற இடத்தில்.

உன் இருமலைப் பற்றி நீ எழுதவே இல்லை.

லெஸ்யா


பிளாக்வெல் முனை
மார்ச் 22

என் லெஸ்யா,

அத்தானின் முழங்காலைக் காட்ட இன்று ஹெலிகாப்டரில் ஊருக்கு அனுப்புகிறேன். அவர் சட்டைப்பையில் இந்தக் கடிதம் இருக்கும். இருமல் போய்விட்டது, கவலைப்படாதே. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. பின்னால் எழுதியதை முதலில் படித்துவிட்டேன், எதுவும் புரியவில்லை. பிறகு மாற்றிப் படித்தேன்.

டெலேனி வீட்டுக்குப் புகையூட்டிய சால்மன் ஒரு பெட்டி அனுப்புகிறேன். நீ தின்றுவிடாதே.

சீட்டு இருக்கட்டும். அவள் வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி, கட்டில் தயார். வராவிட்டாலும் மகிழ்ச்சிதான், அப்போது நான் கொஞ்சம் அழுவேன். நீயும் எதையும் சொல்லாதே. ஆட்களைவிட்டு ஓடிவந்து இந்தப் பாறையில் உட்கார்ந்தவள் நான். எனக்கு அது சரியாக வந்தது, அதனால் அவளுக்கு எது சரி என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை.

வால்ட் அந்தக் காணொளியைக் கிளப் பக்கத்திலிருந்து எடுக்கும் முன்பே, எங்கள் மெதுவான இணையத்தில் அத்தான் அதை இறக்கி வைத்திருந்தார். பார்த்தேன். பச்சைச் சுவரும் அம்மாவின் கடிகாரமும் தெரிகின்றன. படம் ஒரு இடத்தில்கூட ஆடவில்லை. அந்த நேரத்தில் கையை அவ்வளவு திடமாக வைத்திருக்க உன்னால்தான் முடியும். இதைப் பற்றி நீ எதுவும் எழுத வேண்டாம். நானும் கேட்கப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெக்லா


டன்பெர்ரி
மார்ச் 28, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் உன் கடிதத்தைக் கரையிலிருந்து விரைவுத் தபாலில் அனுப்பியிருந்தார். முழங்காலில் நீர் எடுத்துவிட்டார்கள் என்று தனியாக ஒரு குறிப்பும் வைத்திருந்தார். எழுந்து நடக்கிறாரா? உன் கடைசிப் பத்தியைப் படித்தேன். நீ சொன்னபடியே அதைப் பற்றி எழுதவில்லை.

ரோஸ்டேலில் நாளை ஒரு நாள் போட்டி. டெலேனியின் அணியில் ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. புதன்கிழமை டெலேனி போன் செய்தாள். சத்தம் சமையலறை வரை கேட்டது.

"ஆள் கொறையுது. நீ நல்லாத் தேய்ப்பே. கல்லுல படாமத் தேய்ச்சா இன்னும் நல்லது."

"நான் சனிக்கிழமை ஊருக்குப் போறேன்."

"போ. நான் வேண்டாம்னு சொல்லல. ஆள் கொறையுதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

ரென் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். இதுவரை சொல்லவில்லை. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள். அதன்மேல் துடைப்பத்தைச் சாய்த்து வைத்திருக்கிறாள். தீவில் துடைப்பத்துக்கு என்ன வேலை? விமானத்துக்கென்றால் காலை ஐந்துக்கு எழுந்தாக வேண்டும். ரோஸ்டேலுக்கென்றால் ஏழு மணி போதும்.

"நாளைக்கு எப்ப எழுப்பணும்?"

"நானே எந்திரிச்சுப்பேன் சித்தி."

கடிதத்தை மூடாமல் வைக்கிறேன்.


மார்ச் 29

அவள் இந்நேரம் உன்னிடம் பேசியிருப்பாள். எவ்வளவு சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு நான்தான் விழித்துக்கொண்டிருந்தேன். அவள் அறையில் சத்தமில்லை. ஏழு மணிக்குத் தலையை வாராமல் இறங்கி வந்தாள். வாணலியிலிருந்தே பழைய பெரோகியை எடுத்துத் தின்றுகொண்டு, "ரோஸ்டேல்" என்றாள்.

"சீட்டு?"

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மூன்று ஆட்டம். முதலாவதில் தோற்றார்கள், நடுவில் ஒன்றை ஜெயித்தார்கள், கடைசியில் மோசமாகத் தோற்றார்கள். ரென் நன்றாக ஆடினாள் என்று சொல்ல முடியாது, மூச்சு வாங்கியது. இரண்டாவது ஆட்டத்தில் மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கையத் தூக்கு! கையத் தூக்கு!" என்று கத்தினான். கூட இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ரென்னின் துடைப்பம் அப்படியே நின்றுவிட்டது. தரையின் மறுகோடியிலிருந்து டெலேனி தொண்டை கிழியக் கத்தினாள்.

"ரென்! அவனா கல்ல இழுக்கப்போறான்? தேய்டீ!"

ரென் தேய்த்தாள். கல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அந்த ஆட்டம் முழுக்க அந்தப் பையன் கத்திக்கொண்டுதான் இருந்தான். யாரோ ஒரு தகப்பனார் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு கொஞ்சம் அடங்கினான்.

ஆட்டம் முடிந்து கீழே எல்லாரும் சூடான சாக்லேட் குடிக்க உட்கார்ந்தார்கள். ரென் போய் உட்கார்ந்த மேஜையிலிருந்து ஒரு பெண் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் போகவில்லை. டெலேனி எதற்கோ ரென்னோடு வாதாடிக்கொண்டிருந்தாள், கையைக் கையை ஆட்டி. என்ன வாதம் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றிருப்பேன் போலிருக்கிறது.

ரென் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சித்தி, ஏன் இங்க நின்னு என்னையே மொறச்சுப் பாக்குறீங்க? அசிங்கமா இருக்கு. எல்லாரும் பாக்குறாங்க. போய்க் கார்ல உக்காருங்களேன்."

போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

லெஸ்யா